ஜீப்பைத் திருத்தியவர் யார்?

வத்தளையில் நாம் குடியிருக்கும் ஒழுங்கையின் முடிவில், கால்வாய்ப் பக்கமாக, மதில் உயர்ந்த வீடொன்று உண்டு. அதன் முற்றத்தில் மூன்று ஆண்டுகளாகத் தறப்பாள் போர்த்தி நின்ற பழைய இராணுவ ஜீப் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே கொண்டுவரப்பட்டது. ஒழுங்கை திரண்டு வந்து பார்த்தது; நாமும் பார்த்தோம். மங்கிய பச்சை நிறம். முன்மூடியில் வெள்ளை நட்சத்திரம். பின்புறத்திலே பெற்றோல் தகரம். பக்கவாட்டில் வாரினால் இறுக்கிய மண்வெட்டியும் கோடரியும். துவக்குப் பொருத்தும் தண்டு ஒன்றுதான் குறை. அதுவும் வரவிருக்கின்றதாம். வண்டிக்குரியவர் கொழும்பிலே வியாபாரம் செய்பவர். கெட்ட மனிதர் அல்லர். ஒழுங்கையில் எவர் வீட்டு நன்மை தீமைக்கும் தவறாது வருபவர். கூடியிருந்தோருக்கு அவர் சொன்னார்: "அடியிலிருந்து நுனிவரை நானே திருத்தி எடுத்தேன். 1944 இல் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ, அப்படியே இன்று நிற்கின்றது."

இவ்விரண்டு வாக்கியங்களையும் நாம் மறுக்கின்றோம். முதலாவது பொய். இரண்டாவது அதனினும் கேடானது. ஏனெனில் அதனை நம்புபவர்கள் நல்லவர்கள், படித்தவர்கள், எம்மைப் போன்றவர்கள்.

முதலாவதை முதலிற் பார்ப்போம். அந்த ஜீப்பைத் திருத்தியவர் மாபோலையிலிருந்து சைக்கிளில் வரும், அறுபது வயது கடந்த ஒரு பாஸ். இந்நாட்டில் தச்சனையும் மேசனையும் மெக்கானிக்கையும் 'பாஸ்' என்ற ஒரே மரியாதைச் சொல்லால் அழைக்கின்றோம். கூலி கொடுக்கும் வேளையில் அந்த மரியாதை எங்கே போய்விடுகின்றது என்பது வேறு கதை. அவர் சிங்களவர், தமிழும் தட்டுத் தடுமாறாது பேசுவார். அவருடைய கோலயா ஒரு தமிழ்ப் பையன். அவன் எமது வகுப்பின் கடைசி வாங்கிலே இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் பத்தாம் வகுப்போடு போனவன். சனியும் ஞாயிறும் மாமரத்தடியில் அவர்கள் இருவரும் வேலை செய்ததை நாம் மூன்று ஆண்டு கண்டிருக்கின்றோம். வண்டிக்குரியவர் பக்கத்திலே கதிரை போட்டு அமர்ந்து, பழைய கைநூல்களை வரவழைத்துப் படித்து, எந்த ஆணி எங்கே வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். பணம் அவருடையது, பொறுமையும் ஓரளவு அவருடையது, சில நாட்களில் ஸ்பனரும் பிடித்தார். இவற்றையெல்லாம் நாம் ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் 'நானே' என்ற சொல்லுக்கு இவை போதா.

அந்த மாமரத்தடியில் நாம் கற்றது சிறிதன்று. இவ்வகை ஜீப்பை இரண்டு கம்பனிகள் கட்டின. ஒன்று வில்லிஸ், மற்றையது ஃபோர்ட். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பாஸ் நிலத்திலே படுத்து, முன்பக்கத்துக் குறுக்குச் சட்டத்தைக் கையினால் தடவிப் பார்த்தார். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த 'ப' போல இருந்தால் ஃபோர்ட். "ஃபோர்ட்" என்றார் எழுந்து. பிறகு துருவைச் சுரண்டி ஓர் ஆணியின் தலையைக் காட்டினார். அதிலே கம்பனியின் பெயரின் முதலெழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. அக்கம்பனி தன் வண்டியின் ஆணித் தலைகளிற்கூடத் தன் எழுத்தைப் பொறித்துவைத்தது. அந்த ஆணிகளை எண்பது ஆண்டுகளின் பின் கழற்றி, எண்ணெயிலே ஊறவைத்து, மரையைச் சீராக்கி மீண்டும் பூட்டிய மனிதனின் பெயர் அந்த வண்டியில் எந்த மூலையிலும் இல்லை.

இராணுவ ஜீப்பின் சில்லு இரண்டு பாதிகளாகச் செய்து ஆணிகளால் இணைக்கப்பட்டது. ரயரில் காற்று இருக்கும்போது அந்த ஆணிகளைத் தளர்த்தினால் சில்லின் பாதி ஆளை அடித்துக் கொன்றுவிடும். பாஸ் ஊசியைக் கழற்றி, காற்றுப் போனபின், வாயிலிலே கோலயாவின் உள்ளங்கையை வைத்து, "காத்து வருதா? நல்லா பாத்துச் சொல்லு" என்று மூன்று முறை கேட்டபின்னரே ஸ்பனரைக் கொடுத்தார். எமது விஞ்ஞான ஆய்வுகூடத்திலே அமுக்கத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பாடம் நடந்ததை நாம் கண்டதில்லை. காஸ்கெற் கிடைக்கவில்லை, தடித்த மட்டையை எஞ்சின் விளிம்பின்மீது வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே வெட்டி எடுத்தார். பஞ்சிகாவத்தையில் கடைகடையாக ஏறி இறங்கி மகிந்திராவின் பாகங்களைக் கொண்டுவந்தார். 1947 இலிருந்து பம்பாயில் அக்கம்பனி வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியதால் அதன் பாகங்கள் பல இதற்கும் இசையும் என்பது எந்தக் கைநூலிலும் இருந்து அவர் பெற்ற அறிவன்று.

இனி இரண்டாவது வாக்கியம். 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே' என்கிறார்கள். மூலநிலை என்பது இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டோரின் மந்திரச் சொல். அந்த ஜீப் முற்றத்துக்கு வந்த நாளில் எவ்வாறு இருந்தது? அதன் பெற்றோல் எஞ்சின் எப்போதோ கழற்றப்பட்டு, யப்பானிய டீசல் எஞ்சினொன்று பொருத்தப்பட்டிருந்தது. பின்பகுதி நீட்டப்பட்டுப் பலகைத் தட்டுப் போடப்பட்டிருந்தது. வில்லுத் தகடுகள் இரண்டு கூடுதலாக ஏற்றப்பட்டிருந்தன. தலைக்குமேல் தகரக் கூரை. பாஸ் அதனைச் சுற்றி வந்து, "இது மலைநாட்டு வேலை, சேர். மூட்டை ஏத்தியிருக்கு. ஒட்டின ஆள் கைகாரன்" என்றார். அவருக்கு அது வாசிக்கக்கூடிய ஒரு நூலாக இருந்தது. யாரோ ஒருவன் பெற்றோல் விலை தாங்காமல் டீசலுக்கு மாறியிருக்கின்றான். யாரோ ஒருவன் கோவாவும் லீக்ஸும் ஏற்றுவதற்காகச் சட்டத்தை நீட்டியிருக்கின்றான். மழையில் நனையும் மனிதர்களுக்காக யாரோ கூரை போட்டிருக்கின்றான். இவையெல்லாம் 'கெடுக்கப்பட்டவை' என்று தீர்ப்பாயின. கூரை வெட்டப்பட்டது; பலகை அடுப்புக்குப் போயிற்று; டீசல் எஞ்சின் தென்னை மரத்தடியில் உருட்டிவிடப்பட்டது.

இராணுவத்திலே அந்த வண்டி இருந்த காலம் சில ஆண்டுகள். மக்களிடையே உழைத்த காலம் எழுபது ஆண்டுக்குக் குறையாது. அந்தச் சில ஆண்டு மூலமும் இந்த எழுபது ஆண்டு அழுக்கும் ஆனது எவ்வாறு? அரசர்களின் பட்டியலை வரலாறு என்று எமக்குக் கற்பித்தவர்கள் குளம் வெட்டியவனை மறந்தார்கள் என்று மாணவர்களுக்கு மேடையேறிச் சொல்கின்றோம். அதே மறதி எமது ஒழுங்கையில் சுத்தியலும் மணற்கடதாசியும் கொண்டு நடைபெறும்போது கைதட்டுகின்றோம்.

மூலம் என்பதையாவது முழுமையாகச் சொல்கிறார்களா? அதுவுமில்லை. 1940 இல் அமெரிக்க இராணுவம் இத்தகைய வண்டியொன்று வேண்டுமென்று 135 கம்பனிகளிடம் கேட்டது. முதல் மாதிரிக்குக் கொடுத்த தவணை 49 நாள். பான்டம் என்ற சிறு கம்பனியே அத்தவணைக்குள் அதனைக் கட்டி முடித்தது. பெருந்தொகை ஒப்பந்தங்களோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளை அவ்விரண்டு கம்பனிகளுமே கட்டின. செய்தவனின் பெயர் மறைந்து பணம் படைத்தவனின் பெயர் நிலைத்த கதை இந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கின்றது.

அதன் ரயருக்கும் ஒரு மூலம் உண்டு. அந்த மூலம் எமக்கு மிக அருகிலுள்ளது. 1942 இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமானபின், நேச நாடுகளின் கையில் எஞ்சிய இயற்கை றப்பரின் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே போயிற்று. மரம் பட்டாலும் படட்டும் என்று அளவு கடந்து பால் வெட்டினார்கள். விடியுமுன் கத்தியும் வாளியுமாக அந்த மரங்களிடையே நடந்தவர்களுள் பெருந்தொகையினர் தோட்டத் தமிழ்த் தொழிலாளர். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தபோது, அதன் வண்டிகள் எந்தத் தெருவில் ஓடின, எந்தத் தளபதி எதில் ஏறினார் என்பன நூல்களாகியுள்ளன. பால் வெட்டியவர்களுக்குக் கிடைத்ததோ 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். போருக்குப் பாலும் உழைப்பும் தந்தவர்கள், போர் முடிந்து மூன்று ஆண்டுகளில் நாடற்றவர்களானார்கள். 1944 க்கே வண்டியைக் கொண்டுபோக வேண்டுமென்றால், இதனையும் சேர்த்தன்றோ கொண்டுபோகவேண்டும்? வெள்ளை நட்சத்திரம் எழுத இடமிருந்த முன்மூடியில் இதற்கு இடமில்லாமற் போயிற்று.

இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு சொல். பழைய வண்டி திருத்துவோர் பழைய இலக்கத்தை உயிர்போலக் காக்கின்றார்கள். 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எழுதிய தகடென்றால் அவர்களுக்கு அது பொக்கிஷம். எமது ஒழுங்கை ஜீப்பில் இருப்பது சிங்கள ஸ்ரீ எழுத்து; ஆகவே அதைச் சிறிதாக்கிப் பம்பருக்குக் கீழே தள்ளிவிட்டு, முன்மூடியில் அமெரிக்க இராணுவ இலக்கமொன்றை எழுதியிருக்கின்றார்கள். ஆனால் அந்த ஸ்ரீ எழுத்தே ஒரு வரலாறு. 1957 இல் அது வண்டிகளிலே ஏறியது. தமிழர் அதனை எதிர்த்துத் தமிழ் எழுத்தைப் பொறித்தார்கள். 1958 இன் முற்பகுதியில் அவ்வெழுத்துக் கொண்ட பஸ் வண்டிகள் வடக்கே அனுப்பப்பட, அங்கே சிங்கள எழுத்துக்குத் தார் பூசப்பட்டது, கொழும்பிலே தமிழ் எழுத்துக்குத் தார் பூசப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் தாரிலிருந்து நெருப்புக்குப் போயினர். ஓரெழுத்தின் பெயரால் மனிதரைக் கொன்ற நாட்டில், அந்த எழுத்தைத் தாங்கிய தகட்டைக் கூச்சத்தோடு மறைத்துவிட்டு அயல்நாட்டு இராணுவத்தின் இலக்கத்தை மார்பிலே குத்திக்கொள்வது என்ன ரசனை?

ஞாயிறன்று எல்லோரும் வெளியே வந்தார்கள் என்றோம். ஒருவர் வரவில்லை. மூன்றாம் வீட்டு ஆச்சி கதவைத் திறக்கவேயில்லை. 1983 ஜூலையில் எரிந்த வீடொன்றிலிருந்து உடுத்த சேலையோடு வெளியேறியவர் அவர். அதன்பின் வந்த ஆண்டுகளில், இரவிலே ஒழுங்கைக்குள் ஜீப் திரும்பும் ஓசை கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு ஆண்பிள்ளைகளையும் கட்டிலுக்குக் கீழே படுக்கவைத்தவர். மாலையில் நாம் போனபோது, "அது எண்பது வருசத்துப் பழைய வண்டி, ஆச்சி. அமெரிக்காக்காரன்ர" என்றோம். "பெயின்ற் அடிச்சாப்போல சத்தம் மாறுமே, தம்பி?" என்றார். எம்மிடம் மறுமொழி இல்லை.

இதனைப் படிக்கும் தோழர் ஒருவர் இப்பொழுது மகிழ்ந்து, "ஆம், இதெல்லாம் கொழுத்தவர்களின் விளையாட்டு, போர்ப் பொருளைப் போற்றும் பிற்போக்கு, பழைய இரும்புக்காரனிடம் கொடுத்து உருக்கிவிட வேண்டும்" என்பார். அவருடனும் நமக்கு வழக்கு உண்டு. உருக்கினால் மறைவது யாருடைய வரலாறு? நட்சத்திரம் மறையாது, அதற்குப் படங்களும் நூல்களும் ஆயிரம் உண்டு. மறைவது அந்த ஒட்டுத்தான், மலைநாட்டுக் கைகாரனின் ஒட்டு. மணிலாவைப் பாருங்கள். அமெரிக்க இராணுவம் விட்டுச்சென்ற ஜீப்புகளை அந்நகரத்துத் தொழிலாளர் நீட்டி, வாங்கு போட்டு, கூரை வேய்ந்து, கண்ணைப் பறிக்கும் வர்ணங்கள் தீட்டி, ஏழைகளின் பஸ்ஸாக மாற்றினார்கள். ஜீப்னி என்ற பெயரோடு அது பிலிப்பைன்ஸின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதனைக் கெடுக்கப்பட்ட ஜீப் என்று எவனாவது சொல்வானா?

மணிலா வரை போகவும் வேண்டாம். 1990 இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்டன. அந்த ஆண்டுகளில் அங்கே ஓடியவை ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள். எரிபொருள் மண்ணெண்ணெய். ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். பிரசவ வேதனையோடு துடித்த பெண்களை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவை அந்தப் புகை கக்கும் கார்களே. எந்த ஒல்லாந்துக் கோட்டையையும்விட, எந்தப் பழைய கோயிற் கோபுரத்தையும்விட, எமது மக்களின் திறமைக்குப் பெருஞ்சான்று அந்த மண்ணெண்ணெய்க் கார். அதனைப் பற்றித் தமிழில் முறையாக எழுதப்பட்ட நூல் ஒன்றைக் காட்டுங்கள் என்று எந்தத் தமிழ்ப் பேராசிரியரிடமும் கேட்கலாம்.

அந்தத் திறமையை நாம் தெய்வமாக்கவும் இல்லை. கை எதற்கும் இசையும். 1991 ஜூலையில் ஆனையிறவுப் போரிலே புலிகள் இரும்புத் தகடு போர்த்திய புல்டோசர் ஒன்றை முன்னே விட்டார்கள். அதனைத் தடுத்து உயிர்நீத்த காமினி குலரத்தின என்ற சிப்பாயின் நினைவாக அது இன்றும் ஏ 9 வீதியோரத்திலே நிற்கின்றது. நிலம் திருத்தப் பிறந்த யந்திரத்துக்கு அந்தத் தகட்டை ஒட்டிய கையும், மண்ணெண்ணெய்க் காரைக் கிளப்பிய கையும் ஒரே கராச்சில் பழகியவையாக இருக்கலாம். அந்தக் கையை ஏவியது யார் என்று கேளாமல் வீரத்தை மட்டும் பாடுவது இரு பக்கத்திலும் நடைபெறுகின்றது.

இப்பொழுது எம்மையே கேட்போம். அந்தக் கோலயாவை வகுப்பிலே எழுப்பி, "இப்படியே இருந்தால் கராச்சுக்குத்தான் போவாய்" என்று சொன்ன ஆசிரியர் யார்? நாம்தான். வர்க்க ஒற்றுமையைப் பற்றி இவ்விதழிலே கட்டுரை எழுதும் அதே நாம்தான். அவன் தலைகுனிந்து இருந்தான், வகுப்புச் சிரித்தது, அடுத்த தவணை அவன் வரவில்லை. மாமரத்தடியில் எம்மைக் கண்ட முதல்நாள் அவன் கிறீஸ் படிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அந்தக் கையை மறைக்கக் கற்பித்தது எமது பள்ளிக்கூடம். 2013 இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது, நல்லது. ஆனால் ஆசிரியர் அறையில் அதற்கு 'மிஞ்சினவர்களின் பிரிவு' என்று பெயர் வைத்துச் சிரித்தவர்களை நாம் அறிவோம். அன்று நாம் எதிர்த்துப் பேசவில்லை என்பதையும் அறிவோம்.

எமது இலக்கியத்துக்கு இந்த வெட்கம் புதிதாக வந்தது. 'பஞ்சமர்' எழுதிய டானியல் யாழ்ப்பாணத்தில் கராச் நடத்தி வாழ்ந்தவர். டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலிலிருந்து வந்து 1966 முதல் 'மல்லிகை'யை நடத்தினார். அவர்கள் கையை மறைக்கவில்லை. அவர்களைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதிப் பட்டம் பெற்ற நாம், அவர்களுடைய தொழிலைச் செய்யும் பையனை வாங்கிலே ஏற்றி நிறுத்துகின்றோம். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். இடையிலே 2022 இன் எரிபொருட் பஞ்சமும் வந்து போயிற்று. அந்த ஐந்தாண்டுகளில் பள்ளி வானையும் காய்கறி லொறியையும் அம்புலன்ஸையும் புதுப் பாகமின்றி ஓடச் செய்தவர்கள் யார்? மூலநிலைக் கைநூல் படித்தவர்களா?

வீட்டிலே பழைய இராணுவ வண்டி திருத்துவோரை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருத்துங்கள். திருத்துமுன் அதிலுள்ள ஒவ்வோர் ஒட்டையும் படம் பிடியுங்கள். கழற்றிய கூரையையும் எஞ்சினையும் யார், எதற்காக வைத்தார்கள் என்று கேட்டெழுதுங்கள். நட்சத்திரம் எழுதினால், றப்பர் வெட்டியவர்களையும் எங்கேனும் எழுதுங்கள். துவக்குத் தண்டு பூட்டுமுன் மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். முன்மூடியின் உட்புறத்திலே, திறப்பவன் காணும்படி, பாஸின் பெயரையும் கோலயாவின் பெயரையும் நல்ல எழுத்திலே எழுதுங்கள். ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் ஊர்க் கராச்சுக்கு ஒரு கொப்பியோடு போங்கள். போகும்போது உபதேசத்தை வீட்டிலே வைத்துவிட்டுப் போங்கள்.

பெயர் எழுதும் யோசனையை வண்டிக்குரியவரிடம் சொன்னோம். முதலிற் சிரித்தார், பிறகு, "பார்ப்போம், மாஸ்ரர்" என்றார். பாஸிடமும் சொன்னோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வேண்டாம் சேர். பேர் போட்டா, வண்டி நின்னா நம்மளத்தானே தேடி வருவாங்க" என்றார். கோலயா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தன் பெயரில் 'ழ' வரும் என்றும் அதைப் பிழையாக எழுதிவிட வேண்டாம் என்றும் மறுநாள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

தென்னை மரத்தடியில் கிடந்த டீசல் எஞ்சினைப் பாஸ் பழைய இரும்பு விலைக்கு எடுத்துச் சென்றார். ஜா-எலப் பக்கம் செங்கல் ஏற்றும் சிறு லொறியொன்றில் அது இப்பொழுது ஓடுகின்றதாம்.